கொழு காயாத பட்டறை

வா தாயி, உக்காரு. அந்தக் கம்ப்யூட்டரை இந்தப் பக்கமா ஒதுக்கி வையி. ஆச்சி கம்பு காயப்போட்டிருக்கா. கோழி வாய் வச்சா உன்னையும் சேத்து ஏசுவா. மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிக் கிடக்கு? பத்திரிகைக்கு அனுப்புன ஆராய்ச்சிப் பேப்பர் திரும்பி வந்துட்டோ? அனுப்பி ஒம்போது நாள்தானே ஆச்சு! மெட்ராசுக்குப் போட்ட மணியார்டர்கூட இம்புட்டு வெரசாத் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல.

சரி, அடுத்து என்ன செய்யப் போற? மறுபடியும் எழுத்துப் பட்டறைக்கா? நல்ல காரியம், போயிட்டு வா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பட்டறைன்னா நான் பார்த்தது நம்ம ஊரு ஆசாரி பட்டறை. புரட்டாசி விதைப்புக்கு முன்ன, கொழு தேஞ்ச சம்சாரிக எல்லாம் அங்கதான் குந்தியிருப்பாக. ஒருத்தன் துருத்தி ஊதணும். கொழு செவந்ததும் ஆசாரி இடுக்கியில பிடிச்சுக் கல்லுல வைப்பாரு. சம்மட்டி அடிக்கிறது யாருங்கிற? கொழு யாருதோ அவன். அதுதான் எங்க ஊரு வழக்கம். அடிச்சு முடிச்சுத் தொட்டித் தண்ணியில முக்குனா சுர்ருனு ஒரு சத்தம். வீட்டுக்குப் போகையில தோள்ல கூரான கொழு இருக்கும். மறுநா ஏர் கட்டலாம்.

போன தடவை நீ போன பட்டறையில இருந்து என்ன கொண்டாந்த? ஒரு பை. பைக்குள்ள ஒரு நோட்டு, ஒரு பேனா. ஒரு சர்ட்டிபிகேட்டு, அதுல உன் பேரைத் தப்பா எழுதி மேல வெள்ளை மை தடவியிருந்தாக. அப்புறம் அந்த போட்டோ, முன்வரிசையில சால்வை போட்டவுக எட்டுப் பேரு, பின்னால உன் நெத்தி மட்டும். 'மத்தியானம் பிரியாணி நல்லா இருந்துச்சு தாத்தா'ன்னும் சொன்ன. நான் ஒண்ணும் குறை சொல்லல. அன்னைக்கு அங்க காஞ்சது பிரியாணி அடுப்பு மட்டுந்தான்னு சொல்லுதேன்.

வீடியோப் பாடமும் பார்த்தேல்ல? மேல்படிப்புப் படிக்கிற டாக்டருக எல்லாம் அந்த ஆராய்ச்சிப் பாடத்தைக் கட்டாயம் முடிக்கணும்னு 2019-ல விதி வந்தது, அயப்பாக்கத்துத் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்துறது. பாடம் நல்ல பாடம்தான். நானும் உன் பக்கத்துல உக்காந்து ரெண்டு மூணு பார்த்தேன், எனக்கே விளங்குச்சு. ஆனா நீ எப்படிப் பார்த்த? ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓடவிட்டு, பாதியில வெங்காயம் உரிச்சே. கிணத்து மேட்டுல நின்னு நீச்சலை எம்புட்டு நேரம் வேடிக்கை பார்த்தாலும் முங்குறவன் முங்கத்தான் செய்வான்.

இதுல உன்னைய மட்டும் கேலி பண்ணுறது பாவம். டெல்லியில சமீரன் நந்தின்னு ஒரு சர்ஜன். அவரும் அவரு கூட்டாளிகளும் உக்காந்து, 2005-லருந்து 2014 வரைக்கும் நாட்டுல எந்த மருத்துவ நிறுவனம் எத்தனை பேப்பர் எழுதுச்சுன்னு எண்ணியிருக்காக. மொத்தம் 579 நிறுவனம். அதுல 332-ல இருந்து பத்து வருசத்துல ஒரு பேப்பர்கூட வரல. வருசத்துக்கு நூறுக்கு மேல எழுதுனது 25 இடந்தான். தாயி, நம்மது வானம் பார்த்த பூமி. நாலு வருசம் மழை ஏமாத்தும், கம்மாய்ல கிரிக்கெட்டு விளையாடுவானுக. அப்படிப்பட்ட கரிசக்காடே பத்து வருசத்துல மூணு வெள்ளாமையாவது குடுத்துரும். ஏசி போட்ட கட்டடத்துல ஒரு மணி விளையலைன்னா, அதைத் தரிசுன்னு சொல்லாம என்னன்னு சொல்ல?

கேள்விக்குப் பஞ்சமா நமக்கு? தீப்பெட்டி ஆபீசுல நாள் பூராக் குனிஞ்சு கட்டை அடுக்குற பொம்பளைக்கு முதுகு என்ன ஆகுது? கரிசல் வெடிப்புக்குள்ள கிடக்கிற பாம்பு எந்த மாசத்துல கடிக்குது? ஆழ்குழாய்த் தண்ணி குடிச்ச பிள்ளைக பல்லு ஏன் பழுப்பேறிக் கிடக்கு? தீப்பெட்டின்னதும் ஞாபகம் வருது. அந்தக் காலத்துத் தீக்குச்சிக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் போடுவாகளாம். சீமையில அதை வச்சு வேலை பார்த்தவுகளுக்குத் தாடை எலும்பே அழுகிப் போயிருக்கு. யாரோ ஒரு டாக்டர் அதைப் பார்த்து, எண்ணி, எழுதி வச்சதுனாலதான் சட்டம் வந்துச்சு. நம்ம நாட்டுல அதைத் தடை பண்ணுனது 1913-ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகை தொடங்குனதும் அதே 1913-லதான். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு என்னையக் கேக்காத. எனக்குப் பிடிச்சிருக்கு, சொல்லுதேன்.

சரி, அந்தப் பேப்பரை வாசி. மொத வரி என்ன? 'காசநோய் உலகளவில் ஒரு முக்கியப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகும்.' ரொம்ப சரி. அடுத்தது? உலகத்துல எத்தனை பேருக்கு. அதுக்கு அடுத்தது? இந்தியாவுல எத்தனை பேருக்கு. அப்புறம் கிருமியைக் கண்டுபிடிச்ச ராபர்ட் காக். ஏந்தாயி, இது என்ன வில்லுப்பாட்டா? பிள்ளையார், சரஸ்வதி, குரு, எல்லைச் சாமி எல்லாத்துக்கும் காப்புப் பாடிட்டுத்தான் கதைக்கு வரணுமா? கொடைக்கு வந்த சனம் விடிய விடிய உக்காந்திருக்கும். பத்திரிகை ஆசிரியருக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாது. உன் கோவில்பட்டி எங்க வருது? மூணாம் பக்கத்துலயா! அதுவும் 'தென் தமிழகத்தின் ஒரு வறண்ட பகுதி'ன்னு. ஊரைச் சொல்ல என்ன வெக்கம்?

பேனாவைக் கொண்டா. இந்த வரி வேண்டாம். இந்த வரியும் வேண்டாம். காக்குக்கு நாம சொல்லி ஆகவேண்டியது ஒண்ணுமில்ல, அவரு நல்லாத்தான் இருக்காரு. இந்தா, இதுதான் உன் மொத வரி, மூணாம் பக்கம் நடுவுல கிடந்தது: 'தீப்பெட்டித் தொழிலிலும் மானாவாரி விவசாயத்திலும் இருப்பவர்கள் வேலை தேடி வெளியூர் போகும்போது காசநோய் சிகிச்சையை எப்படித் தொடர்கிறார்கள் என்பது பதிவாகவில்லை.' பார்த்தியா, இதைப் படிச்சா எனக்கே அடுத்த வரி என்னன்னு கேக்கத் தோணுது. ரெண்டரைப் பக்கம் காப்புப் பாட்டு, அதுக்குக் கீழ முத்து மாதிரி ஒரு வரி. கோழி குப்பையைக் கிளறித்தான் முத்தை எடுக்கணும்னு படிக்கிறவனுக்கு என்ன தலையெழுத்து?

நிசமான பட்டறை இல்லவே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். நீ போன்ல அனுப்புறதை எல்லாம் நான் படிக்கிறதில்லன்னு நெனைச்சியா? சுகாதார ஆய்வாளரா ரிட்டையர்டு ஆனவனுக்கு வேற என்ன வேலை? 2009-ல பாரீசுல ஒண்ணு ஆரம்பிச்சாக. காசநோய்க்கான சர்வதேசச் சங்கமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேந்து நடத்துனது. பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்து ஆளுகளும் கைகோத்து, 'சார்ட் இட்'னு பேரு வச்சு, நம்ம நாட்டுலயும் நடத்தியிருக்காக. ஒரு கூட்டத்துக்கு 12 பேரு, அதுக்கு மேல கிடையாது. மொதத் தவணையில திட்டம் எழுதணும். ரெண்டாவதுல கணக்கை எப்படிப் பதியணும், எப்படிப் பிரிக்கணும்னு பழகணும். அப்புறம் ஊருக்குப் போயித் தகவல் சேக்கணும். மூணாவது தவணைக்கு வரும்போது கையில கணக்கு இருக்கணும். அங்க உக்காந்து பேப்பர் எழுதணும். பக்கத்துலயே வாத்தியார் வரிக்கு வரி உக்காந்திருப்பாரு. எழுதுனதை எல்லார் முன்னாலயும் திரையில போட்டு, பன்னெண்டு பேரும் கூடிப் பிய்ப்பாக. ஊர் திரும்பி நாலு வாரத்துக்குள்ள பத்திரிகைக்கு அனுப்பிறணும்.

இதுல எனக்குப் பிடிச்சது அந்தக் கெடுதான். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கெடு. கெடு தப்புனா ஆளு வெளிய. மாமியாருக்கு மேலுக்குச் சரியில்ல, ஆஸ்பத்திரியில டூட்டின்னெல்லாம் சொல்ல முடியாது. நீ முகத்தைச் சுளிக்கிற. சம்சாரிக்கும் அதே கெடுதான் தாயி. விதைக்கிற ஈரம் நாலு நாள் நிக்கும். அஞ்சாம் நாள் போயி 'மழையே, எனக்கு நைட் டூட்டி'ன்னு சொல்லிப் பாரு.

நம்ம அயப்பாக்கத்து நிறுவனத்துலயும் 2001-லருந்து கள நோய்ப்பரவியல் படிப்பு நடக்குது, ரெண்டு வருசம். அவுக வழி 'செஞ்சு படி'. படிக்கிறவன் ஊரு ஊராப் போயி, எங்க வாந்திபேதி எங்க அம்மைன்னு தேடி, வந்து எழுதணும். எழுதுனது அலமாரியில தூங்குனாலும் பிரயோசனமில்ல. அதே நிறுவனத்து ஆளுகளும் அரசாங்கமும் சேந்து 2022-ல காசநோய் இறப்பில்லாத் திட்டம்னு கொண்டாந்தாக பாத்தியா? காசநோய்னு தெரிஞ்ச அன்னைக்கே, உடம்பு எடை உயரத்துக்கு ரொம்பக் குறைஞ்சு கிடக்கா, மூச்சு வெரசா வாங்குதா, ஆக்சிஜன் குறைஞ்சிருக்கா, பிடிக்காம எழுந்து நிக்க முடியுதா, இம்புட்டுத்தான் பார்க்கணும். மோசமா இருந்தா உடனே படுக்கையில சேக்கணும். ஒரு நர்சம்மா ஒரு தாள்ல அடக்கிரலாம். எத்தனை பேரு எத்தனை ராத்திரி எழுதி எழுதி அடிச்சிருந்தா அந்த ஒரு தாளு வந்திருக்கும்னு யோசி. உன் காப்புப் பாட்டே ரெண்டரைப் பக்கம்.

காசநோயில மெட்ராசு ஒரு காலத்துல உலகத்துக்கே வாத்தியாரு. 1956-ல அங்க ஒரு மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பிச்சாக, வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தாரு. 193 நோயாளிக. பாதிப் பேருக்கு சானடோரியத்துல கட்டில், பால், முட்டை, ஓய்வு. பாதிப் பேருக்கு அவுக அவுக குடிசையிலயே மருந்து. குடிசையில குணமாகாதுன்னுதான் அதுவரைக்கும் உலகமே சொல்லிக்கிட்டிருந்துச்சு. 1959-ல எழுதி வெளியிட்டாக: வீட்டுல குடுத்தாலும் கேட்கும். கூட இருக்கவுகளுக்கு அதனால கூடுதலாத் தொத்தலைங்கிறதும் பின்னால தெரிஞ்சுது. அதோட விட்டாகளா? அஞ்சு வருசம் அந்த ஆளுக பின்னாலயே போனாக. அந்த 1959 பேப்பர்ல எழுதுனவுக பேருக்குப் பதிலா மையத்தோட பேரைப் போட்டாக, தாயி. உன் பேப்பர்ல எத்தனை பேரு?

பதினோரு பேரா! நம்ம பெரிய மாமன் மக கல்யாணப் பத்திரிகையில 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டதுலகூட ஒம்போது பேருதான். அதுக்கே சித்தப்பன் பேரு மாமன் பேருக்குக் கீழ வந்துட்டுதுன்னு மூணு வருசம் பேச்சுவார்த்தை இல்ல. இதுல முதல்ல இருக்கவுக யாரு? ஓஹோ, துறைத் தலைவர். அவரு இந்தப் பேப்பரைப் படிச்சாரா? 'படிக்கிறேன்மா'ன்னு சொன்னாராக்கும். 1978-ல கனடாவுல வான்கூவர்ல பத்திரிகை ஆசிரியருக கூடி ஒரு விதிமுறை ஆரம்பிச்சு வச்சாக. யோசனையிலயோ கணக்குலயோ உழைச்சிருக்கணும், எழுதுறதுலயோ திருத்துறதுலயோ கை வச்சிருக்கணும், கடைசி வடிவத்துக்குச் சரி சொல்லணும், நாளைக்கு ஒரு தப்புன்னா நான் பொறுப்புன்னு நிக்கணும். இன்னைக்கு வழக்குல இந்த நாலும் இருக்கவுகதான் பேப்பரோட ஆசிரியரு. இதை நீ அவருகிட்டப் போயிச் சொல்லாத. உனக்குப் பரீட்சை பாக்கியிருக்கு. ஆனா அடுத்த பேப்பருக்கு, எழுத ஆரம்பிக்கும் முன்னயே ஒரு தாள்ல யாரு யாருன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிரு. பத்திரிகை அடிச்சதுக்கு அப்புறம் பேரு எடுக்கிறது இருக்கே, அது பங்காளிச் சண்டை.

அந்த ஏ.ஐ. எந்திரமே எழுதித் தரும்னு உன் கூட்டாளி சொன்னாளாமே. சொல்லட்டும். அதுக்கு இங்கிலீசு நல்லா வருமாம், எனக்கும் சந்தோசம்தான். ஆனா 2023-ல அதே பத்திரிகை ஆசிரியருக கூட்டம் சொல்லிட்டுது, அதைப் பேப்பரோட ஆசிரியராப் போடக்கூடாதுன்னு. ஏன்னா நாளைக்குத் தப்புன்னா அது வந்து நிக்காது. அதுவும் பெரிய மனுசன் மாதிரிதான்னு வையேன்.

ஆத்திரத்துல பணம் கட்டுற பத்திரிகைக்கு மட்டும் போயிறாத. 'மதிப்பிற்குரிய பேராசிரியரே'ன்னு உனக்கு மெயில் வருது பாரு, நீ இன்னும் ஸ்டூடண்டு! 2013-ல 'சயன்ஸ்' பத்திரிகைக்காக ஜான் போஹானன்னு ஒருத்தன் ஒரு வேலை பண்ணுனான். கல்பாசியில இருந்து எடுத்த மருந்து புத்துநோயைக் கொல்லுதுன்னு, வேணும்னே ஓட்டையும் உடைசலுமா ஒரு பேப்பர் எழுதி, இல்லாத நிறுவனத்து இல்லாத ஆளு பேருல 304 பத்திரிகைக்கு அனுப்புனான். 157 பத்திரிகை ஏத்துக்கிட்டுது. அதுல நம்ம நாட்டுப் பத்திரிகைகளும் கணிசம். உன் பேப்பரை ஒம்போது நாள்ல திருப்பி அனுப்புனவன் படிச்சுப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கான். அந்த மட்டுக்குக் கும்பிடு போடு.

இப்ப நான் ஒரு சங்கதி சொல்லுதேன், ஆச்சி காதுல விழக்கூடாது. நான் வேலைக்குச் சேந்த காலத்துல, மலேரியாவைத் தேடிப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்க வீடு வீடாப் போகணும். 'யாருக்காச்சும் காய்ச்சலா?'ன்னு கேட்டு, இருந்தா விரல்ல குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில தடவணும். வந்துட்டுப் போனதுக்குச் சுவத்துல அடிச்ச கட்டத்துல தேதி போடணும். வருசத்துக்கு நூத்துக்குப் பத்துப் பேருகிட்ட ரத்தம் எடுத்தாகணும்னு கணக்கு. கரிசக்காட்டுல பகல்ல எவன் வீட்டுல இருப்பான்? கதவெல்லாம் பூட்டு. வருசம் முடியப் போகுது, கணக்கு இடிக்குது. என்ன செய்ய? கார்த்திகை மார்கழியில உக்காந்து, கிடைச்ச விரல்ல எல்லாம் குத்துனேன். உங்க ஆச்சி விரல்லயே நாலு சிலைடு. நாலும் நாலு பேரு பேருல.

ரொம்ப வருசம் கழிச்சு, உன்னைய மாதிரி ஒரு பிள்ளை அந்த ரெஜிஸ்டரை எல்லாம் எடுத்து ஆராய்ச்சி பண்ணுச்சு. படம் போட்டுக் காட்டுச்சு. டிசம்பர் மாசம் ஒரு மேடு, மலை மாதிரி நிக்குது. கீழ எழுதியிருக்கு, 'வடகிழக்குப் பருவமழையைத் தொடர்ந்து காய்ச்சல் அதிகரிக்கிறது'ன்னு. நான் ஒண்ணும் சொல்லல. மழையும் பெய்யத்தானே செஞ்சது? ஆனா அந்தப் பிள்ளை எங்கிட்ட வந்து 'ஐயா, இது ஏன் டிசம்பர்ல ஏறுது?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு டீ வாங்கிக் குடுத்து உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த மேட்டுல கொசுவுக்குப் பங்கு கம்மி, எனக்குத்தான் கூடுதல்.

நம்ம எழுத்தாளர் இடைசெவல் கி.ரா.வைப் பாரு, பள்ளிக்கூடப் படிப்பை முடிச்சவரில்ல. எந்தப் பட்டறைக்கும் போகாம, 1982-ல கரிசல் சொல்லுக்கு ஒரு அகராதியே போட்டாரு. அப்புறம் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துல அவரையே பேராசிரியரா உக்கார வச்சாக. வேற ரகசியம் ஒண்ணுமில்ல. யாருக்குத் தெரியுமோ அவுககிட்டப் போயி உக்காந்து கேட்டாரு.

சரி, கணக்குப் பட்டியலைக் காட்டு. கண்ணாடியை எடு, அந்த ஜன்னல்ல இருக்கு. மேல மொத்தம் 214 நோயாளி. கீழ குணமானவுக, செத்தவுக, மருந்தை நடுவுல விட்டவுக. கூட்டு. நானும் கூட்டுதேன், விரல் விட்டு. 211. உனக்கு எம்புட்டு வருது? அதேதான். மூணு பேரு எங்க போனாக தாயி?

'மிஸ்ஸிங் டேட்டா'வா? அது என்ன ஊரு? எந்த பஸ்ஸு போகுது?

சிரிக்காத. உன் பேப்பரு எதைப் பத்தி? வேலை தேடி வெளியூரு போறவுக சிகிச்சை என்ன ஆகுதுன்னுதானே கேள்வி? கேள்விக்குப் பதிலு அந்த மூணு பேருகிட்ட இருக்கு. நீ அவுகளை மட்டும் விட்டுட்டு மிச்சப் பேரை வச்சு ஆறு பட்டியல் போட்டிருக்க. அந்த ஆசிரியரு ஒம்போது நாள்ல கண்டுபிடிச்சிட்டாரோ என்னவோ.

பேரைச் சொல்லாத, சொல்லக்கூடாது. எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் குடுத்திருக்க, நான் இப்ப வெளியாளு. எந்த சுகாதார நிலையம்னு மட்டும் சொல்லு. அதுவா? அங்க மருந்து குடுக்கிற பையன் எங்கிட்ட வேலை பழகுனவன். மூணு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனியோ, கேரளாவுல கொத்து வேலையோ, எங்க போனாகன்னு அவனுக்குத் தெரியாம இருக்காது. ரெஜிஸ்டர்ல எழுத இடமில்லாததை எல்லாம் அவன் சட்டைப் பையில ஒரு சின்ன நோட்டுல எழுதி வச்சிருப்பான். நான் சொல்லிக் குடுத்த பழக்கம்.

மணி அஞ்சுதான் ஆகுது, வீட்டுக்குக் கிளம்பியிருக்க மாட்டான். என் போனை எடுத்துக்கோ, அதுல அவன் நம்பர் இருக்கு. வேப்பமரத்தடிக்குப் போ, அங்கதான் சிக்னல் நிக்கும். கோழியை நான் பாத்துக்கிடுதேன்.